மல்லிகாவுக்கு, அப்பாவின் யூரின் டியூப் பற்றி

அன்புள்ள மல்லிகா,

உன் மெயிலும் அப்பாவின் லேப் ரிப்போர்ட்டுகளும் கிடைத்தன. யூரின் டியூப் போட்டிருக்கும் அப்பாவுக்கு ரிப்போர்ட்டில் கிருமி என்று வரும்போதெல்லாம் ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுக்கிறார்கள், முடிந்ததும் கிருமி திரும்ப வருகிறது என்று எழுதியிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதுகிறேன். அல்சூர் டாக்டரைப் பார்க்கப் போகும்போது இதைக் கையில் வைத்துக்கொள்.

ரிப்போர்ட்டில் கிருமி என்று வந்தபோதெல்லாம் அப்பாவுக்குக் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருந்ததா? நன்றாகச் சாப்பிடுகிறார், பேப்பர் படிக்கிறார் என்றுதான் எழுதியிருக்கிறாய். அப்படியானால் ரிப்போர்ட்டுக்காக மட்டும் இந்த ஆன்டிபயாடிக் தேவையா என்று டாக்டரிடம் கேள். டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு 3 முதல் 7 பேருக்குப் புதிதாகச் சிறுநீரில் பாக்டீரியா சேரும், ஒரு மாதமானால் ஏறக்குறைய எல்லோருக்கும் இருக்கும். கல்ச்சர் போட்டால், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை லேப்பில் வளர்த்துப் பார்த்தால், வளரத்தான் செய்யும். தொல்லை எதுவும் இல்லாதவருக்கு இதற்காக மருந்து வேண்டாம் என்றுதான் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டியும் சொல்கிறது. புராஸ்டேட் ஆபரேஷன் செய்வதாக இருந்தால் மட்டும் கதை வேறு, அதற்கு முன் கொடுப்பார்கள்.

மாத்திரை முடிந்ததும் ஏன் திரும்ப வருகிறது என்று கேட்டிருந்தாய். லேப்பில் வேலை பார்க்கும் எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் மனது கஷ்டமாக இருக்கும். பாக்டீரியா சிறுநீரில் மட்டும் மிதப்பதில்லை, டியூபின் சுவரில் ஒட்டிக்கொண்டு, தானே சுரக்கும் பசைக்குள் கூட்டமாக உட்கார்ந்துகொள்கிறது, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் வழுவழுப்பு படிவதுபோல. இதுதான் பயோஃபிலிம். உள்ளே இருப்பவற்றில் பல வளராமல் தூங்கிக் கிடக்கும். வளரும் கிருமியைக் கொல்லும் மருந்துகளுக்கு அவை மசியாது. அதனால் மிதப்பவை சாகும், ரிப்போர்ட் சுத்தமாக வரும், ஒட்டியிருப்பவை மறுபடி கிளம்பும், கிளம்பும்போது மருந்துக்கு இன்னும் பழகியும் இருக்கலாம். பின்னால் அப்பாவுக்கு நிஜமாகவே தேவைப்படும் நாளில் எந்த மருந்து மிச்சமிருக்கும் என்பதுதான் என் பயம்.

காய்ச்சல், நடுக்கம், விலாப்பக்க வலி, திடீரென்று பேச்சு குழம்புவது, இதில் எது வந்தாலும் காத்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. டியூப் போட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தால் பழசை எடுத்துவிட்டுப் புதிது போட்டு, அதிலிருந்துதான் சாம்பிள் எடுக்க வேண்டும். சிறுநீர் சேரும் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கச் சொன்னால் சம்மதிக்காதே, அதில் வளர்வது அப்பாவின் நோயைச் சொல்லாது. அப்புறம்தான் மருந்து, சீக்கிரம் குணமானால் பொதுவாக 7 நாள் போதும். டியூப் அடிக்கடி அடைத்துக்கொண்டால் புரோட்டியஸ் வகைக் கிருமியாக இருக்கலாம். அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குவதால் உப்புப் படிந்து கல்லாகிவிடும்.

உங்கள் அத்தைக்கு டயாலிசிஸ் லைனில், அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயில் போட்ட டியூபில், மருந்தை நிரப்பி மூடி வைத்தார்களே, அதை அப்பாவுக்கும் செய்யலாமா என்கிறாய். முடியாது. அந்த லைன் டயாலிசிஸ் இல்லாத நேரத்தில் சும்மா இருக்கும், அதனால் மருந்து பல மணி நேரம் உள்ளேயே தங்கும். இங்கே சிறுநீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. டயாலிசிஸ் லைனிலும் எல்லாக் கிருமிக்கும் அது உதவாது, ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவோ கேண்டிடா என்ற பூஞ்சையோ வந்தால் பெரும்பாலும் லைனையே எடுத்துவிட வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகத் தோன்றுவது, டியூப் இன்னும் வேண்டுமா என்பது. சிறுநீர் அடைத்துக்கொண்டதால்தானே போட்டார்கள்? சிறுநீர் எளிதாகப் போக உதவும் டாம்சுலோசின் மாதிரி மாத்திரை கொடுத்துவிட்டு டியூபை எடுத்துப் பார்த்தார்களா, இல்லையென்றால் எப்போது எடுத்துப் பார்ப்பார்கள் என்று கட்டாயம் கேள். அதுவரை பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்கட்டும், தரையில் படக்கூடாது, டியூபும் பையும் சேரும் இடத்தைக் கழற்றாதே.

இங்கே செம்பூரில் விடாத மழை. பெரியவன் சயானில் காலேஜ் சேர்ந்துவிட்டான், ட்ரெயின் நின்றால் எட்டு மணிக்குத்தான் வருகிறான்.

கடைசியாக டியூப் மாற்றிய தேதியைத் தேடிப் பார்த்து எழுது, டாக்டர் சொன்னதையும் சேர்த்து.

அன்புடன்,
சாந்தி