விலையை வீரரின் தோளில் ஏற்றாதீர்கள்

கரோலைனா பேந்தர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் உரிமையாளர் டேவிட் டெப்பர் அவர்களுக்கும், பொது மேலாளர் டான் மார்கன் அவர்களுக்கும்,

வணக்கம்.

2026 ஜனவரி 10ஆம் தேதி, சனிக்கிழமை மாலை, சார்லட் நகரில் நம் அணி லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸிடம் 34-31 என்ற கணக்கில் தோற்று, பருவ இறுதி நாக்-அவுட் ஆட்டங்களான ப்ளேஆஃப் சுற்றிலிருந்து வெளியேறியது. ஆட்டம் முடிய மூன்று நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது நம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) பிரைஸ் யங் எறிந்த பந்தை ஜேலன் கோக்கர் பிடித்து 31-27 என நம்மை முன்னிலைக்குக் கொண்டுவந்தார். 38 வினாடிகள் மிச்சமிருக்கையில் ராம்ஸின் மேத்யூ ஸ்டாஃபர்ட் அந்த முன்னிலையைப் பறித்துக்கொண்டார். அந்தத் தோல்வி வலித்தது, ஆனால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த மடலை எழுத வைத்தது அன்றிரவு நடந்த அடுத்த ஆட்டம். இடைவேளையின்போது 21-3 எனப் பின்தங்கியிருந்த சிகாகோ பேர்ஸ் அணி, கிரீன் பே பேக்கர்ஸை 31-27 என வீழ்த்தியது. வெற்றியைத் தந்த 25 கெஜப் பந்தை எறிந்தவர் கேலிப் வில்லியம்ஸ். அதை எதிரணியின் எல்லைக்குள் பிடித்து டச்டவுன் ஆக்கியவர் டி.ஜே. மோர். எறிந்தவரைத் தேர்ந்தெடுக்கச் சிகாகோவுக்குக் கிடைத்த வாய்ப்பு நம்முடையது. பிடித்தவர் ஐந்து பருவங்கள் நம் சீருடையில் ஓடியவர்.

2023 மார்ச் மாதத்துப் பேரத்தின் விவரங்களை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அவற்றை ஒருமுறை ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுத்து யங்கை எடுக்கும் உரிமைக்காகச் சிகாகோவுக்கு அந்த ஆண்டின் 9ஆவது, 61ஆவது தேர்வுகளையும், 2024இன் முதல் சுற்றுத் தேர்வையும், 2025இன் இரண்டாம் சுற்றுத் தேர்வையும், கூடவே நம் அணியின் சிறந்த ரிசீவரான (எறியும் பந்தைப் பிடிப்பவரான) மோரையும் கொடுத்தோம். அந்த 61ஆவது தேர்வு, பந்தோடு ஓடும் நம் வீரர் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியதற்கு ஈடாக நமக்கு வந்தது. ஆகவே அவரை இழந்ததில் கிடைத்த பலனின் ஒரு பகுதியும் இதே பேரத்தில் போய்விட்டது. 9ஆவது தேர்விலிருந்து ஓர் இடம் பின்னால் நகர்ந்து சிகாகோ எடுத்த டார்னல் ரைட் இன்று வில்லியம்ஸுக்கு முன்னால் அரணாக நிற்கிறார். 2025இன் தேர்வில் அவர்கள் எடுத்தவர் லூதர் பர்டன். அன்று பொது மேலாளராக இருந்தவர் ஸ்காட் ஃபிட்டரர் என்பதும், மார்கன் அவர்கள் அப்போது துணைப் பொறுப்பில்தான் இருந்தார் என்பதும் எனக்குத் தெரியும். உரிமையாளர் மட்டும் மாறவில்லை.

என் வேண்டுகோள் ஒன்றே ஒன்றுதான். பிரைஸ் யங்குடன் நீண்ட கால ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுவதற்கு முன்பு, அந்தப் பேரத்தின் கணக்கைத் தனியாகவும் அந்த இளைஞரின் ஆட்டத்தைத் தனியாகவும் வைத்து, எந்த அளவுகோலால் அவரை மதிப்பிடுகிறீர்கள் என்பதை ரசிகர்களாகிய எங்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

இதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்றால், 2023ஆம் ஆண்டை நாங்கள் பொறுத்துக்கொண்டதிலிருந்து வந்தது. இந்த லீகில் தோற்கும் அணியின் ரசிகனுக்கு ஓர் ஆறுதல் எப்போதும் உண்டு. ஆட்டத்தில் தோற்றாலும், அடுத்த ஆண்டு டிராஃப்ட் வரிசையில் ஓர் இடம் மேலே ஏறுவோம், நல்ல இளைஞன் ஒருவன் வருவான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அந்த ஆண்டு அதுவும் எங்களுக்கு இல்லை. எங்கள் 2024 தேர்வு சிகாகோவிடம் இருந்ததால், ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் தோற்கத் தோற்க, சிகாகோவின் இடம் உயர்ந்துகொண்டே போனது. 17 ஆட்டங்களில் இரண்டே வெற்றி. கடைசி இரண்டு ஆட்டங்களில் 26-0, 9-0 எனத் தோற்று ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்த 9-0 தோல்வி சொந்த மைதானத்தில் நடந்தது. மோசமான ஆட்டம் என்று தெரிந்தும் பணம் கொடுத்து உள்ளே வந்து கடைசி வரை உட்கார்ந்திருந்தவர்கள் இருந்தார்கள். 2024 ஏப்ரலில் டெட்ராய்ட்டில் டிராஃப்ட் தொடங்கியபோது, நாங்கள் அத்தனை தோல்விகளாலும் சம்பாதித்த முதல் இடத்தில் வேறொரு நகரத்தின் பெயர் வாசிக்கப்பட்டது. நம் முறைக்கு முதல் சுற்றின் கடைசித் தேர்வு வரை காத்திருந்தோம். அந்த 32ஆவது இடமும்கூட இன்னொரு பேரத்தில் வாங்கியதுதான்.

அந்த ஆண்டின் பழி முழுவதும் யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பதுதான் எனக்கு ஆறாத கோபம். ஐந்தடி பத்து அங்குல உயரமுள்ள, அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடி, சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது வாங்கிய ஓர் இளைஞரை அழைத்துவந்தீர்கள். அவர் பந்தை எறிய வேண்டிய முதன்மை ரிசீவரை அவரை வாங்குவதற்கான விலையிலேயே கொடுத்துவிட்டீர்கள். முதல் பருவத்தில் அவருக்கு நம்பகமாக வாய்த்தவர் 33 வயது ஆடம் தீலன் ஒருவர்தான். பந்தை எறிவதற்குள் அவர் 62 முறை தரையில் வீழ்த்தப்பட்டார். பதினொரு ஆட்டங்கள் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை நீக்கினீர்கள். அடுத்த பருவத்தில் புதிய பயிற்சியாளர் டேவ் கனாலஸ் வந்து இரண்டே ஆட்டங்கள் ஆனதும் யங்கை ஓரத்தில் உட்காரவைத்து ஆண்டி டால்டனை இறக்கினீர்கள். அக்டோபரில் டால்டனுக்குக் கார் விபத்தில் கட்டைவிரல் அடிபட்டிருக்காவிட்டால் யங் எப்போது திரும்பியிருப்பார் என்று யாருக்குத் தெரியும்? அத்தனை விலை கொடுத்து வாங்கிய வீரரை மீண்டும் களமிறக்கியது ஒரு விபத்து. அணியின் தீர்மானமான மதிப்பீடு அன்று. அளவுகோலை வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், விலை என்பது இரண்டு பக்கமும் மனிதரின் கண்ணை மறைக்கும் என்பது. வெளியே இருப்பவர்கள் அந்த விலையைச் சொல்லிச் சொல்லியே அவர் தோற்றுவிட்டார் என்கிறார்கள். அதே டிராஃப்டில் அவருக்கு அடுத்ததாக ஹூஸ்டன் எடுத்த சி.ஜே. ஸ்ட்ரௌட் முதல் ஆண்டிலேயே 4,108 கெஜம் எறிந்து, ஐந்தே இடைமறிப்புகளோடு (எறிந்த பந்தை எதிரணி பிடித்துக்கொண்டவை) அணியை ப்ளேஆஃபில் வெல்லவைத்ததும் அந்தப் பேச்சுக்கு வலு சேர்த்தது. உள்ளே இருப்பவர்களுக்கு வரும் ஆபத்து இதற்கு நேர்மாறானது. இவ்வளவு கொடுத்தோமே, அது வீண் என்று ஆகிவிடக் கூடாதே என்ற எண்ணத்தில், கொடுத்த பணத்தைக் காப்பாற்ற மேலும் பணத்தைக் கொட்டுவது. சான் ஃபிரான்சிஸ்கோ 2021இல் குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸுக்காக மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைச் செலவிட்டது. அவர் சரிப்படவில்லை என்று கண்டதும் அந்த விலையைக் காரணம் காட்டி அவரைத் தாங்கிப் பிடிக்காமல், டிராஃப்டில் 262ஆவதாக வந்த பிராக் பர்டியிடம் அணியை ஒப்படைத்தது. லான்ஸை ஒரு நான்காம் சுற்றுத் தேர்வுக்கு டாலஸுக்குக் கொடுத்துவிட்டது. கான்சாஸ் சிட்டியும் 2017இல் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வைச் சேர்த்துக் கொடுத்துத்தான் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸைப் பெற்றது. இன்று அந்த விலையை யாரும் பேசுவதில்லை. பேரம் நல்லதா கெட்டதா என்பது ஒரு கேள்வி. இன்று கையிலிருக்கும் வீரரை என்ன செய்வது என்பது வேறொரு கேள்வி.

முதல் கேள்விக்கு என் பதிலைத் தயங்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பேரம் அந்த விலைக்குத் தகவில்லை. சிகாகோவில் அன்றிரவு ஓடியவர்களைப் பார்த்த பிறகு எதிர்வாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. 2025 பருவத்தில் யங் 16 ஆட்டங்களில் 3,011 கெஜமும் 23 டச்டவுன்களும் எறிந்தார்; 11 இடைமறிப்புகள். நவம்பர் 9ஆம் தேதி சொந்த மைதானத்தில் நியூ ஆர்லின்ஸுக்கு எதிராக 124 கெஜம் மட்டும் எறிந்து தோற்றார். ஒரே வாரம் கழித்து அட்லாண்டாவில், கணுக்காலில் அடிபட்டும் திரும்பி வந்து 448 கெஜம் எறிந்து, 2011இல் கேம் நியூட்டன் வைத்த அணியின் சாதனையை முறியடித்துக் கூடுதல் நேரத்தில் வென்றுகொடுத்தார். நவம்பர் இறுதியில் ராம்ஸை 31-28 என வீழ்த்தியபோது மூன்று டச்டவுன்கள் எறிந்தார். டிசம்பர் கடைசியில் சியாட்டிலுக்கு எதிராக 54 கெஜம்! அந்த 16 ஆட்டங்களில் அவர் 200 கெஜத்தைத் தாண்டியவை நான்கே நான்கு. அட்லாண்டாவில் ஆடியவரும் சியாட்டிலிடம் தடுமாறியவரும் ஒருவரே என்பதை வைத்து ஒரு முடிவுக்கு வர, கெஜக் கணக்கு போதாது. நெருக்கடியில் அவர் பந்தை எங்கே எறிகிறார், கூட்டத்துக்குள் உயரம் குறைவான ஒருவரால் நடுக்களத்தைப் பார்க்க முடிகிறதா, டெட்டரோவா மெக்மில்லன் போல் முதல் பருவத்திலேயே 1,000 கெஜம் தாண்டிய ரிசீவரும், ராபர்ட் ஹன்ட், டேமியன் லூயிஸ் போல் பெரும் சம்பளம் வாங்கி அவருக்கு அரணாக நிற்கும் கார்டு வீரர்களும் வந்த பிறகு அவரிடம் தெரியும் மாற்றத்தில் அவருடைய பங்கு எவ்வளவு, இவையெல்லாம் உங்கள் பயிற்சியாளர்கள் ஒளிப்பதிவை ஒவ்வொரு நகர்வாக நிறுத்திப் பார்த்து அறிந்தவை. எங்களுக்கு அவற்றின் நுணுக்கம் தேவையில்லை. எவற்றைப் பார்க்கிறீர்கள், எது வந்தால் திருப்தி என்பீர்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.

ஐந்தாம் ஆண்டுக்கு அவரை வைத்துக்கொள்ளும் உரிமையை நீங்கள் பயன்படுத்துவதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. பயன்படுத்த வேண்டும் என்றே நினைக்கிறேன். அது இன்னும் ஒரு பருவம் பார்க்கும் அவகாசத்தைத் தரும். என் கவலை அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. டிராஃப்டில் வந்த குவார்ட்டர்பேக்கின் உண்மையான மதிப்பு அவருடைய முதல் ஒப்பந்தத்தில் இருக்கிறது. நான்கு ஆண்டுக்குச் சேர்த்து யங்குக்கு நீங்கள் கொடுப்பது ஏறத்தாழ 3.8 கோடி டாலர். இன்று முன்னணி குவார்ட்டர்பேக் ஒருவர் ஒரே ஆண்டில் 5 கோடி டாலருக்கு மேல் வாங்குகிறார், டாக் ப்ரெஸ்காட்டுக்கு 6 கோடி. அந்த மலிவான ஆண்டுகளில் மூன்றை 2-15, 5-12, 8-9 என்ற வெற்றி-தோல்விக் கணக்கோடு கழித்துவிட்டோம். மிச்சமிருப்பதையும் சிந்திக்காமல் செலவிட்டால், 2023இன் பேரத்துக்கு இரண்டாம் முறை விலை கொடுத்ததாக ஆகும்.

கேள்வி கேட்கும் ரசிகனை இந்த அணி எப்படிப் பார்க்கிறது என்ற சந்தேகமும் எனக்கு உண்டு. 2023இன் கடைசி நாளில், ஜாக்சன்வில்லில் 26-0 என்று தோற்ற அதே ஆட்டத்தில், உரிமையாளர் தம் பெட்டி இருக்கையிலிருந்து ரசிகர்கள் மீது பானத்தை வீசியதற்காக லீக் 3 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அடுத்த ஆறு மாதத்துக்குள் இதே மைதானத்தைப் புதுப்பிக்க சார்லட் நகர மன்றம் 65 கோடி டாலர் பொதுப்பணத்தை ஒதுக்கியது. 2018இல் அணியை வாங்கிய நாளிலிருந்து எட்டுப் பருவங்கள் தொடர்ந்து தோல்விக் கணக்கு. பயிற்சியாளர்கள் வந்ததும் போனதும் தெரியவில்லை. வரிப்பணம் கேட்கும்போது இந்த நகரம் ஒரே குடும்பம் என்கிறீர்கள். அப்படியானால் குடும்பத்துக்குக் கணக்குச் சொல்லுங்கள். இந்தக் கோபத்தில் நான் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்தது அதுவல்ல.

இந்த ஆண்டு எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ப்ளேஆஃபைக் கண்ணால் கண்டோம். மார்கன் அவர்களும் கனாலஸ் அவர்களும் அதற்குச் செய்த உழைப்பை மதிக்கிறேன். அதனாலேயே இதைப் பணிவோடு கேட்கிறேன். புதிய பருவத்துக்கான பயிற்சி முகாம் தொடங்குவதற்குள் செய்தியாளர்கள் முன் ஒருமுறை அமர்ந்து, 2023இல் கொடுத்த விலை தவறு என்றால் தவறு என்று சொல்லுங்கள். அந்தப் பொறுப்பு அதைக் கொடுத்தவர்களுடையது, 21 வயதில் இங்கே வந்தவருடையதல்ல என்பதையும் சொல்லுங்கள். 2026 பருவத்தில் யங்கிடம் எதை எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும், அது வந்தால் என்ன செய்வீர்கள், வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்பதையும் அப்போதே அறிவியுங்கள். நீண்ட ஒப்பந்தம் குறித்த முடிவை அதற்குப் பிறகு எடுங்கள்.

மரியாதையுடன்,
சார்லட் நகரிலிருந்து ஒரு பேந்தர்ஸ் ரசிகன்