ஞாயிறு செல்போன் வகுப்பு

சத்துவாச்சாரி குடியிருப்பு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு (வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்) நம் மொட்டை மாடியில் செல்போன் வகுப்பு. பெரியவர்கள் அவசியம் வாருங்கள்.

நாம் அனுப்பும் குட்மார்னிங் வீடியோக்கள் எங்கோ ஒரு டேட்டா சென்டரில் (வீடியோ, படங்களைச் சேமித்து அனுப்பும் கணினிகள் நிறைந்த கட்டடம்) கரன்ட் இழுக்கின்றன. அங்குள்ள இயந்திரங்களைக் குளிர்விக்கத் தண்ணீரும் செலவாகிறது. 2024இல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம் டேட்டா சென்டர்களுக்கே போனது. கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் நமக்குத் தண்ணீரின் அருமை தெரியும்.

1. போனுடன் வாருங்கள். ஆட்டோ டவுன்லோடை (வீடியோக்கள் தானாகவே போனில் இறங்குவதை) நிறுத்த, வேண்டாத வீடியோக்களை அழிக்கப் பழகலாம்.
2. பழைய போன், சார்ஜர் கொடுங்கள், மறுசுழற்சிக்கு அனுப்புவோம். உப்பிய பேட்டரியை அழுத்தாதீர்கள், தீப்பிடிக்கும். முதலில் என்னிடம் சொல்லுங்கள்.
3. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் வீட்டு எண்ணைப் பதிவிடுங்கள்.

அப்புறம், ஓடிபி மோசடி பற்றியும் பேசுவோம்.

– செயலாளர்