பார்சல் டீக்குச் சர்க்கரையைத் தனியாகக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சோமனூர் பக்கம், சாமளாபுரத்தில் ஒரு பேக்கரியில் 31 வருடமாக டீ மாஸ்டராக இருக்கிறேன். உங்கள் பேப்பர் காலை ஐந்தரைக்கெல்லாம் கடைக்கு வந்துவிடும். ஆறு மணிக்குள் தாள் தாளாகப் பிரிந்து எட்டுப் பேர் கையில் இருக்கும். உடல்நலப் பக்கம் மட்டும் பெரும்பாலும் பெஞ்சிலேயே கிடக்கும். போன வாரம் அதில் சர்க்கரை நோய் வராமல் இருக்க என்ன சாப்பிடலாம் என்று போட்டிருந்தீர்கள். ஓட்ஸ், பாதாம், ஆலிவ் எண்ணெய் என்று நீளமாக இருந்தது. ஒரு தறிக்காரர் அதைச் சத்தமாகப் படித்து முடித்துவிட்டு, "மாஸ்டர், இன்னொரு டீ போடுங்க" என்றார். அன்றைக்கு அவருக்கு அது மூன்றாவது டீ. மணி ஏழேகால்தான்.

அந்தக் கட்டுரையில் டீயைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பக்கம் விசைத்தறியில் ஷிப்ட் என்றால் பெரும்பாலும் 12 மணி நேரம். எட்டுக்கு எட்டு. தறிச் சத்தத்தில் பக்கத்து ஆளிடம் பேச முடியாது. பஞ்சு பறந்து தொண்டை வறண்டுவிடும். ராத்திரி ஷிப்ட் என்றால் ரெண்டு மணிக்கு மேல் கண் சொக்கும். டீதான் அவர்களுக்குத் துணை. ஒரு ஷிப்டுக்கு ஐந்து டீ குடிப்பது சர்வசாதாரணம், கூட ஒரு வர்க்கியோ தேங்காய் பன்னோ.

நான் கிளாஸ்களை வரிசையாக அடுக்கி, முதலில் சர்க்கரையைப் போட்டுவிடுவேன். இத்தனை வருடத்தில் அது யோசித்துச் செய்கிற வேலை இல்லை, கை பாட்டுக்குப் போடும். ஒரு நாள் மத்தியானம் கூட்டம் இல்லாதபோது, இந்தக் கை எவ்வளவுதான் போடுகிறது என்று பார்க்கத் தோன்றியது. பத்து கிளாஸில் வழக்கம்போலப் போட்டு, எல்லாவற்றையும் ஒரு தாளில் கொட்டி, மிக்சர் நிறுக்கிற தராசில் வைத்தேன். 120 கிராம். ஒரு டீக்கு 12, ஐந்து டீக்கு 60, மாதத்துக்கு ஒரு கிலோ எண்ணூறு. ரேஷன் கடையில் அரிசி கார்டுக்கு ஆளுக்கு மாதம் அரைக் கிலோ சர்க்கரை போடுகிறார்கள். அதைப் போல மூன்றரை மடங்குக்கு மேல் நான் டீயிலேயே கரைத்துக் கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2015-ல் இதற்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறது. சர்க்கரை, வெல்லம், தேன் என்று நாம் தனியாகச் சேர்க்கும் இனிப்பிலிருந்து வருவது, ஒரு நாளில் உடம்புக்குக் கிடைக்கும் மொத்த சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அதையும் பாதியாக்கி, சுமார் 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது. என் கைக்கு அது ரெண்டே ரெண்டு டீ.

இந்த ஞானம் எனக்குச் சும்மா வரவில்லை. ரெண்டு வருடமாக ராத்திரியானால் பாதம் எரியும். பதினாலு மணி நேரம் பாய்லர் பக்கத்தில் நிற்கிறேன், சூடுதான் காலுக்கு இறங்குகிறது என்று விளக்கெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பேன். அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு வீடாக வருகிற பெண் எங்கள் வீதிக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். நான்தான் வீட்டில் இருந்ததில்லை. ஒரு நோம்பி நாளில் வீட்டுக்காரம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்து விரலை நீட்டச் சொன்னார். ரத்தச் சர்க்கரை 268 காட்டியது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மறுநாள் வெறும் வயிற்றில் எடுத்தபோது 164. நூறுக்குள் இருக்க வேண்டும், 126-ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்றார் டாக்டர். கால் எரிச்சலும் அதனால்தான் என்றார். இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். ராத்திரி படுக்கும் முன் பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கு வரைக்கும் பார்த்துக்கொள்கிறேன். மரத்துப்போன காலில் புண் வந்தால் வலிக்காது, தெரியாது. எங்கள் கடைக்கு வருகிற ஒருவருக்குக் கால் விரல் போனது அப்படித்தான்.

எல்லாவற்றுக்கும் டீதான் காரணம் என்று சொன்னால் பொய். எங்கள் அம்மாவுக்கும் சர்க்கரை இருந்தது. வயது இருக்கிறது, வயிறு இருக்கிறது, ராத்திரித் தூக்கம் கெட்டது இருக்கிறது. ஆனால் அம்மாவையும் வயதையும் என்னால் மாற்ற முடியாது, ஸ்பூனை மாற்றலாம்.

கடையில் இந்தப் பேச்சை எடுத்தால் உடனே யாராவது, "எங்க அப்புச்சி ராகிக் களியும் கம்பஞ்சோறும் தின்னுட்டு எம்பது வயசு வரைக்கும் கல்லு மாதிரி இருந்தாருங்க" என்பார்கள். இருந்திருப்பார். அவர் விடியக் கருக்கலில் கிணற்றில் தண்ணீர் இறைக்கக் கவலை பூட்டி, பொழுது வரைக்கும் மாட்டுக்குப் பின்னால் நடந்தவர். அதே களியை அதே அளவுக்குத் தின்றுவிட்டு செல்போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் களியும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நான் சாப்பிட்டதும் குளக்கரையில் கால் மணி நேரம் நடக்கிறேன். நடக்கும்போது கால் தசை ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் என்று சொன்னார்கள். நடந்த நாளுக்கும் நடக்காத நாளுக்கும் என் உடம்பிலேயே வித்தியாசம் தெரிகிறது.

அப்புறம் இந்த நாட்டுச் சர்க்கரை. பைபாஸ் ரோடு நெடுக "நாட்டுச் சர்க்கரை டீ கிடைக்கும்" என்று போர்டு. கவுந்தப்பாடிச் சர்க்கரையின் ருசியை நான் குறை சொல்ல மாட்டேன், பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் வாங்குகிறார்கள். ஆனால் சர்க்கரை நோய்க்காரர்கள் அதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று நம்பி மூன்று டீ குடிக்கிறார்களே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. வெள்ளையோ பழுப்போ, ரெண்டும் கரும்புதான், ரெண்டும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

போன தை மாதம் முதலாளியிடம் கேட்டுக்கொண்டு ஒரு வேலை செய்தேன். கிளாஸில் சர்க்கரை போடுவதை நிறுத்தினேன். ஒரு போசியில் சர்க்கரையும் சின்ன ஸ்பூனும் முன்னால் வைத்துவிட்டேன், வேண்டியவர்கள் போட்டுக் கலக்கிக்கொள்ளலாம். முதல் வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏனுங் மாஸ்டர், சக்கரைக்கு வெல ஏறிப்போச்சுங்களா?" என்றார் ஒருவர். "உங்களுக்குச் சக்கரை வந்தா நாங்களுமா பத்தியம் இருக்கோணும்?" என்றார் இன்னொருவர். அது நியாயமான கேள்விதான், பதில் சொல்லத் தெரியவில்லை. காலேஜ் பையன்கள் முன்னைவிட அதிகமாக, மூன்று ஸ்பூன் போட்டார்கள். இருந்தாலும் மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், தினம் ஏழு கிலோ போன இடத்தில் ஐந்துதான் போயிருந்தது. ஒருத்தருக்கும் நான் உபதேசம் செய்யவில்லை. ஸ்பூன் அவரவர் கைக்குப் போனது, அவ்வளவுதான்.

தோற்றது பார்சலில். தறிக்குடோனுக்குத் தூக்குப்போசியில் டீ போகும். ஒரு போசியில் பத்துப் பேருக்கு. சர்க்கரையைக் கலந்துதான் ஊற்றுவோம். அந்தப் பத்துப் பேரில் ஒன்றிரண்டு பேருக்குச் சர்க்கரை இருக்கும், இன்னும் ஒன்றிரண்டு பேருக்கு வரப்போகிறதாக இருக்கும். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய படியில் என்கிறது. அந்த முந்தைய படியில் இருப்பவர்கள்தான் எனக்கு முக்கியம். சாப்பாட்டையும் நடையையும் சரிசெய்தால் நோயைத் தள்ளிப்போடலாம், பலருக்கு வராமலேயே தடுக்கலாம். ஆனால் குடோனில் எல்லாருக்கும் ஒரே போசி. வேண்டாம் என்றால் டீயே இல்லை.

சர்க்கரையைத் தனிக் கவரில் கட்டிக் கொடுத்துப் பார்த்தேன். வாங்க வருகிற பையன் வாசலிலேயே கவரைப் பிரித்துப் போசியில் கொட்டிவிடுகிறான். தறி ஓனர்கள் ஒரு வார்த்தை சொன்னால் இது மாறும். சர்க்கரை டப்பா ஒன்றைக் குடோனிலேயே வைத்துவிட்டால் கவர் செலவும் இல்லை. இதைத்தான் உங்கள் பேப்பர் வழியாக அவர்களிடமும், மற்ற பேக்கரிக்காரர்களிடமும் கேட்கிறேன்.

இன்னொன்று. வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் பரிசோதிக்கும் திட்டமும் வந்திருப்பதாகப் படித்தேன். நல்லது. பத்துத் தறி, இருபது தறி போட்ட சின்னக் குடோன்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றாகப் போய் முடியாது. ஆனால் அந்த ஆட்கள் எல்லாரும் ஷிப்ட் மாறுகிற எட்டு மணிக்கு ஏதாவது ஒரு பேக்கரி வாசலில் நிற்பார்கள். மாதம் ஒரு நாள் அங்கே ஒரு மேஜை போட்டால் போதும். மேஜை நாங்கள் தருகிறோம், பரிசோதிக்க வருகிறவர்களுக்கு டீயும்.

கடைக்கு இப்போது ஒரு போர்டு எழுதக் கொடுத்திருக்கிறேன். "சர்க்கரை எத்தனை ஸ்பூன் என்று கூறவும்" என்று எழுதிக் கொடுத்தேன். முதலாளி பார்த்துவிட்டு, இது பேங்கில் மாட்டுகிற போர்டு மாதிரி இருக்கிறது, "எத்தன ஸ்பூனுங்க?" என்று எழுதச் சொல்லு என்கிறார்.

இப்படிக்கு,
ஒரு டீ மாஸ்டர்,
சாமளாபுரம், திருப்பூர் மாவட்டம்.