தூண்டிலில் சிக்கும் மீனை விடுவதா, எடுத்துக்கொள்வதா: விதியைத் திருத்தக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
மீன்வளத் துறை.

அனுப்புநர்:
உரிமச்சீட்டு பெற்றுத் தூண்டில் போடும் ஒருவர்.

பொருள்: நீர்த்தேக்கத்தில் தூண்டிலில் சிக்கும் மீன்கள் அனைத்தையும் நீரிலேயே விட்டுவிட வேண்டும் என்ற உத்தரவை, மீனின் இனம், அளவு, காயம் ஆகியவற்றுக்கு ஏற்பத் திருத்தக் கோருதல் தொடர்பாக.

ஐயா,

வணக்கம். நான் மீன் விற்றுப் பிழைப்பவன் அல்லன். ஓய்வு நாட்களில் தூண்டிலும் தக்கையுமாகக் கரையில் உட்காருபவன். மேற்படி உத்தரவு வந்தபோது அதை மனதார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். பை நிறைய அள்ளிக்கொண்டு போனவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஆனாலும் இந்த மனுவை எழுத வேண்டியதாகிவிட்டது.

சென்ற கோடையில் ஒரு நண்பகல். இரண்டு கிலோ இருக்கும், ஒரு கெண்டை இரையோடு முள்ளையும் சேர்த்து விழுங்கிவிட்டது. கரைக்கு இழுத்தபோது செவுளிலிருந்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. இது பிழைக்காது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. எடுத்துக்கொள்ளலாமா என்று காவலரிடம் கேட்டேன். அவர் பலகையைக் காட்டினார். அவர்மீது குற்றமில்லை, பலகையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. மீனைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். கையை எடுத்ததும் ஒருபக்கமாகச் சாய்ந்தது, வயிறு மேலே வந்தது. உத்தரவின்படி நான் ஒரு மீனை விட்டுவிட்டேன். கணக்கில் அது உயிரோடு இருக்கிறது.

என் குறை இதுதான். கையிலிருந்து மீனை நழுவவிடுவது வேறு, அதைப் பிழைக்க விடுவது வேறு. இப்போதைய விதி முதலாவதை மட்டும் கேட்கிறது.

பிடித்து விடப்படும் மீன்களில் எத்தனை இறக்கின்றன என்பதைப் பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு 274 கணிப்புகளைச் சேர்த்துப் பார்த்தது. சராசரி இறப்பு 18 சதவீதம். ஆனால் சில இடங்களில் ஒன்றுகூட இறக்கவில்லை, சில இடங்களில் 95 சதவீதம்வரை இறந்தன. இந்தச் சராசரியைவிட இந்த இடைவெளிதான் தங்கள் கவனத்துக்கு உரியது. முள் உதட்டில் மாட்டியதா, தொண்டையிலா? இரை உயிருள்ளதா, செயற்கையானதா? தண்ணீர் குளிர்ந்திருந்ததா, சூடேறியிருந்ததா? மீன் எவ்வளவு ஆழத்திலிருந்து வந்தது, கையில் எவ்வளவு நேரம் இருந்தது? மீனின் ஆயுளைத் தீர்மானிப்பவை இவை. நம் உத்தரவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி செல்சியஸ் உள்ள நன்னீர் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரைக்கு இறங்கிவிடும். இழுபறியில் களைத்த மீனுக்கு மூச்சு அதிகம் தேவைப்படும் வேளையில் தண்ணீரில் அது குறைவாக இருக்கிறது. கோடையின் உச்சிவேளையில் தூண்டிலை அனுமதித்துவிட்டு, விட்டுவிடு என்று மட்டும் சொல்வதில் என்ன பயன்?

அடுத்தது படம் எடுக்கும் பழக்கம். இதைப் பற்றிச் சொன்னால் சக தூண்டில்காரர்கள் என்மேல் கோபப்படுவார்கள், பட்டால் படட்டும். 1992-இல் வெளியான ஓர் ஆய்வில் வானவில் டிரவுட் மீன்களைக் களைக்கும்வரை நீந்தவைத்தார்கள். பிறகு தண்ணீரிலேயே விடப்பட்டவற்றில் 12 சதவீதம் இறந்தன. முப்பது விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றில் 38 சதவீதம், ஒரு நிமிடம் வைக்கப்பட்டவற்றில் 72 சதவீதம். எல்லா இனத்துக்கும் இதே கணக்கு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை; டிரவுட் மென்மையான மீன். ஆனால் நம் கரையில் ஒருவர் மீனை மார்போடு அணைத்து, தொப்பியைச் சரிசெய்து, நண்பரிடம் கைப்பேசியைக் கொடுத்து, படம் மங்கிவிட்டது என்று மறுபடி நிற்பதற்குள் ஒரு நிமிடம் எப்போதோ கடந்துவிடுகிறது. காய்ந்த கையால் பிடிப்பதில் மீனின் மேலுள்ள வழுவழுப்பும் உரிந்துபோகிறது. கிருமியிடமிருந்து அதைக் காப்பது அந்த வழுவழுப்புதான்.

ஆகவே முதல் வேண்டுகோள்: செவுளில் இரத்தம் வரும் மீனையும், நிமிர்ந்து நீந்த முடியாத மீனையும் பிடித்தவர் எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். ஒருவர் ஒரு நாளில் இத்தனை மீன்தான் பிடிக்கலாம் என்று வகுக்கும் எண்ணிக்கையில் அது சேர வேண்டும், எண்ணிக்கை முடிந்ததும் அவர் தூண்டிலைச் சுருட்ட வேண்டும். இல்லையென்றால் எல்லா மீனுக்கும் இரத்தம் வரத் தொடங்கிவிடும் என்பது எனக்கும் தெரியும். விழுங்கிய முள்ளைக் குடைந்து எடுக்காமல் தூண்டில் நரம்பை மீனின் வாயருகே அறுத்துவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும் பலகையில் எழுதலாம். முள் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால், முள்ளைக் கழற்றச் சில விநாடிகளே ஆகும். கரையில் இதை விதியாக்குவது எளிது. காவலர் முள்ளை ஒரு துணியில் குத்தி இழுத்தால், சிக்காமல் வருகிறதா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது, அளவு. சிறியதை விடு, பெரியதை எடு என்பதே பழைய வழக்கம். குஞ்சை விடுவது சரிதான். ஆனால் பெரிய பெண் மீன் தன் எடைக்கு மீறிய அளவில் சினை வைக்கிறது. பல இனங்களில் ஒரு பெரிய மீன் இடும் முட்டைகள், அதே மொத்த எடையுள்ள பல சிறு மீன்கள் இடுவதைவிட அதிகம். கொடுவா மீன் ஆணாக முதிர்ந்து பிறகுதான் பெண்ணாக மாறுகிறது. பெரியவற்றை மட்டும் எடுத்தால் தாய்மீன்களையே எடுத்ததாகும். அதனால்தான் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் 120-ஐத் தாண்டியதையும் விட்டுவிடச் சொல்கிறார்கள். இடைப்பட்டதை எடுத்துக்கொள்ளலாம். நம் நீர்த்தேக்கத்துக்கு எந்த அளவு என்பதைத் தங்கள் துறையின் ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, இனம். திலேபியாவும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் பிற நாடுகளில் கொண்டுபோய் விடப்பட்ட நீர்நிலைகளில் பரவி, அங்குள்ள மீன்களை நெருக்குகின்றன. வந்தேறி இனங்களையும் பிடித்த இடத்திலேயே விடச் சொல்லும் விதியை வாசிக்கும்போது சிரிப்புதான் வருகிறது. திலேபியா போன்றவை பெருகிவிட்டால் இரைக்குப் போட்டி ஏற்பட்டு எல்லாமே விரல் நீளத்தில் நின்றுவிடும். அங்கே மீனை எடுப்பதுதான் நீர்நிலைக்குச் செய்யும் உதவி.

பிடித்து விடுவதையே தடைசெய்ய வேண்டும் என்போரும் இருக்கிறார்கள். விளையாட்டுக்காக ஓர் உயிரை முள்ளில் மாட்டி இழுப்பது என்ன நியாயம் என்பது அவர்கள் கேள்வி. சுவிட்சர்லாந்தின் 2008-ஆம் ஆண்டு விலங்குப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, விட்டுவிடும் எண்ணத்தோடே தூண்டில் போடுவதைத் தடைசெய்கிறது. இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரே நாளில் முப்பது மீனைப் பிடித்து முப்பதையும் விட்டேன் என்று பெருமை பேசுபவர், இரண்டைப் பிடித்து எடுத்துக்கொண்டு எழுந்து போனவரைவிட அதிக மீன்களைக் கொன்றிருக்கக்கூடும். விடுகிறவருக்கும் நாளொன்றுக்கு ஓர் எண்ணிக்கை வரம்பு வேண்டும் என்று கேட்பது இதனால்தான்.

ஆனால் முழுத் தடையால் இழப்பதும் உண்டு. காவிரியில் 1998 முதல் 2012 வரை, பிடித்து விடும் முறையில் தூண்டில் போட்டவர்களின் பதிவேடுகள் பிற்பாடு ஆய்வாளர்களுக்குக் கிடைத்தன. மசீர் என்னும் ஆற்றுமீன் வகையில் நீலத்துடுப்பு மசீர் அங்கே பெருகியதையும், காவிரிக்கே உரிய திமில் மசீர் குறைந்துபோனதையும் அந்தப் பதிவேடுகள்தான் காட்டின. திமில் மசீர் இன்று மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டிருக்கிறது. தூண்டில்காரர்கள் எழுதிவைத்திராவிட்டால் இந்தச் சரிவு யாருக்குத் தெரிந்திருக்கும்?

எனவே நுழைவாயிலில் ஒரு பதிவேடு வைக்கக் கோருகிறேன். மீனின் இனம், நீளம், முள் மாட்டிய இடம், விட்டதா எடுத்ததா, விட்டபின் நீந்தியதா மிதந்ததா: ஒரு வரி போதும். ஓராண்டு கழித்து அதைப் பார்த்துத் தாங்களே விதியை இறுக்கலாம், தளர்த்தலாம்.

கடந்த நான்கு ஆண்டுகளாக நான் எழுதிவரும் குறிப்பேட்டின் நகலை இணைத்திருக்கிறேன். மிதந்தவையும் அதில் இருக்கின்றன. தாங்கள் ஒரு நாள் குறித்து அழைத்தால், நேரில் வந்து விளக்கவும், குறடும் ஈரத்துணியுமாகக் கரையில் செய்துகாட்டவும் ஆயத்தமாக இருக்கிறேன். கோடை தொடங்குவதற்குள் உச்சிவேளையில் தூண்டில் போடுவதற்கான தடையை மட்டுமாவது முதலில் அறிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

இணைப்பு: குறிப்பேட்டின் நகல்