ஜூரி சபையை ஒழிக்கச் சொல்லவில்லை, தெரிவு செய்யும் முறையை மாற்றுங்கள்

இலங்கையின் நீதி அமைச்சருக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2016இல், ஒரே ஆண்டில், இரண்டு தீர்ப்புகள் வந்தன. ஜூலையில் குமாரபுரம் வழக்கு. திருகோணமலை மாவட்டத்து அந்தக் கிராமத்தில் 1996 பெப்ரவரி 11 அன்று 24 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள், சிறுபிள்ளைகளும் உட்பட. இருபது வருடம் காத்திருந்த சனம் அநுராதபுரம் வரை போய்ச் சாட்சி சொன்ன பிறகு, ஜூரி சபை ஆறு முன்னாள் இராணுவத்தினரையும் விடுவித்தது. டிசம்பரில் தமிழ் எம்.பி. நடராஜா ரவிராஜ் கொலை வழக்கு. நத்தாருக்கு முதல் நாள், நள்ளிரவும் தாண்டிய நேரத்தில், சிங்களம் பேசும் விசேட ஜூரி சபை ஐந்து எதிரிகளையும் (குற்றம் சாட்டப்பட்டவர்களை) விடுவித்தது.

அந்த ஜூரர்களின் மனச்சாட்சியை நான் சந்தேகிக்கவில்லை. என் கோபமெல்லாம் சட்டத்தின் மீதுதான். ஜூரி வேண்டுமா என்று தீர்மானிப்பவர் எதிரி, எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்று கேட்பவரும் எதிரி, செத்தவரின் குடும்பம் ஆட்சேபித்தாலும் அது எடுபடுவதில்லை. நம் நாட்டில் மொழியைத் தெரிவு செய்வது என்றால் இனத்தைத் தெரிவு செய்வதுதானே? இது உங்களுக்கும் நன்றாகவே தெரியும்.

யாழ்ப்பாணத்து மிருசுவிலில் 2000இல் எட்டுத் தமிழர்கள் கொல்லப்பட்ட வழக்கைப் பாருங்கள். அங்கே ஜூரி இல்லை, மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் விசாரித்தது, 2015இல் ஒரு இராணுவ சார்ஜன்ட் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது. (2020இல் அவருக்குப் பொதுமன்னிப்பு கொடுத்தது தனிக் கொடுமை.) அதற்காக ஜூரியே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, சாதாரண மனிதர்கள் தீர்ப்பில் பங்கெடுப்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் திருத்த வேண்டியதைத் திருத்தலாமே. கனடாவில் 2018இல் ஒரு பழங்குடி இளைஞரைச் சுட்ட விவசாயியை ஜூரி விடுவித்தது, பழங்குடியினர்போல் தோன்றியவர்களை எதிரித் தரப்பு காரணம் சொல்லாமலே ஜூரியிலிருந்து விலக்கியது என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது, அடுத்த ஆண்டே அப்படி விலக்கும் உரிமையை அந்த நாடு சட்டத்திலிருந்து எடுத்துவிட்டது.

சரி, நான் கேட்பது மூன்றே மாற்றங்கள். இனம் சம்பந்தப்பட்ட வழக்கில் ஜூரியைத் தெரிவு செய்யும் உரிமையை எதிரியிடமிருந்து எடுத்து நீதிமன்றத்திடம் கொடுங்கள். உரைபெயர்ப்பாளர் வைத்து மூன்று மொழி பேசுபவர்களையும் ஒன்றாக உட்கார வையுங்கள். அப்புறம், ஸ்பெயினில் ஒன்பது ஜூரர்களும் தங்கள் முடிவுக்கான காரணத்தைச் சுருக்கமாகவாவது எழுதித்தர வேண்டும், அதை இங்கேயும் கொண்டு வாருங்கள். கண்ணால் கண்டதைச் சொன்ன குமாரபுரத்துச் சனத்துக்கு, தங்கள் சாட்சியில் எதை ஜூரி நம்பவில்லை என்று சொல்ல ஒரு வரிகூட இதுவரை இல்லை.