செயலாளர் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சுதந்திர தினமும் குடியரசு தினமும் சங்க முற்றத்தில் கொடியேற்றத்துடன் கொண்டாடப்பட்டன. மரக்கன்றுகள் வழங்கினோம். பேச்சிப்பாறைப் பயணம் மழையால் பாதியில் நின்றது. நிர்வாகக் குழு ஏழு முறை கூடியது.

நுண்ணோக்கி வாங்கியது வீண்செலவு என்று குழுவில் சிலர் பேசினார்கள். ஆகவே அதைக் கொண்டு செய்த பணியை விளக்கிச் சொல்வது என் கடமை.

நல்லமிளகுக் கொடி படர முருக்கு (கல்யாண முருங்கை) மரம் நட்டு வளர்த்தவர்கள் நாம். அதன் குருத்தும் இலைக்காம்பும் முண்டு முண்டாக வீங்கி மரம் பட்டுப்போவதைக் கண்டு, பலர் வெட்டிவிட்டுச் சீமைக்கொன்றைக்கு மாறினார்கள். வீக்கத்துக்குக் காரணமான குளவிக்கு 2004-இல்தான் குவாட்ராஸ்டிக்கஸ் எரித்ரினே என்று அறிவியல் பெயர் வைத்தார்கள். கேரளத்தில் அது இருப்பதாக 2006-இல் பதிவு வெளியானது. 2005-இல் அது நுழைந்த ஹவாய்த் தீவுகளில், 2008-இல் ஆப்பிரிக்காவிலிருந்து அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள்.

பூச்சியால் செடியில் உண்டாகும் இத்தகைய வீக்கம், அதாவது கழலை, நமக்குப் புதிதல்ல. குழந்தைக்கு உரைத்துக் கொடுக்கும் மாசிக்காய் காயே அல்ல. மேற்காசிய ஓக் மரத்தில் ஒரு குளவியால் உண்டாகும் கழலை. அதில் சிறு துளை இருந்தால் உள்ளே வளர்ந்தது வெளியேறிவிட்டது என்று பொருள்.

ஆனால் கழலையிலிருந்து வருவதெல்லாம் கழலையை உண்டாக்கியது என்று நினைத்துவிடக் கூடாது. ஐரோப்பாவில் காட்டு ரோஜாவில் சிவந்த பாசி உருண்டைபோல் வளரும் கழலையை உண்டாக்குவது டிப்லோலெபிஸ் ரோசே. அதற்குள் பெரிகிலிஸ்டஸ் என்ற இன்னொரு குளவி குடிபுகும். இவற்றைத் தின்று வளர ஆர்த்தோபெல்மா, டோரிமஸ் போன்ற ஒட்டுண்ணிகளும் வந்து சேரும். எது வீட்டுக்காரன், எது ஒண்டவந்தது, எது கொன்றது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

முருக்கிலும் அப்படித்தானா என்று அறிய, என் விளையில் வீங்கிய குருத்துகளைப் பறித்து ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வாயில் பழைய வேட்டித் துணி கட்டி ஜன்னலோரம் வைத்தேன். ஒன்பதாம் நாள் காலை, துணியின் அடிப்பக்கத்தில் பாதி எள் அளவில் பூச்சிகள் ஒட்டியிருந்தன. பெண் குளவிகள் கரும்பழுப்பில் மஞ்சள் திட்டுகளுடன் இருந்தன. ஆண்கள் இன்னும் சிறியவை, வெளிறியவை. நுண்ணோக்கியில் பாதத்தின் கணுக்களை எண்ணினேன். நான்கு. முருக்கைக் கெடுக்கும் குளவி சேர்ந்த யூலோஃபிடே குடும்பத்துக்கு அது முக்கிய அடையாளம். பதினான்காம் நாள் முழுக்கக் கறுப்பாக மூன்று வந்தன. அவற்றின் பாதத்தில் ஐந்து கணுக்கள். அவை கெடுத்தவையாக இருக்க முடியாது. கெடுத்ததைத் தின்றவையாக இருக்கலாம். இனம் சொல்லும் தகுதி நமக்கில்லை என்பதால் எரிசாராயத்தில் பாதுகாத்திருக்கிறேன். நமக்கு உதவ வந்ததையே பகை என்று மருந்தடித்துக் கொல்லாமல் இருக்க, இந்தக் கணுக்களை எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான் நுண்ணோக்கி.

பன்னிரண்டு உறுப்பினர்களுக்குப் பாட்டில் கொடுத்தோம். நான்கு திரும்பின. இரண்டில் பிளாஸ்டிக் மூடியை இறுக்கி மூடியதால் பூஞ்சணம் பிடித்திருந்தது. ஒன்றில் முப்பதுக்கு மேல் குளவிகள் இருந்தும் சீட்டு இல்லை. எந்த ஊர், எந்த மரம், என்று பறித்தது எதுவும் தெரியாததால் அத்தனையும் பயனற்றுப் போயின. அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. இரண்டாம் ஞாயிறு கூட்டங்களுக்கு மூன்று பேருக்கு மேல் வந்ததில்லை. மே மாதம் நான் மட்டுமே திறந்து வைத்துக் காத்திருந்தேன்.

ஆண்டுச் சந்தா 200 ரூபாய். பாதிக்கு மேற்பட்டோர் செலுத்தவில்லை. வீடு தேடிச் சென்றபோதும் அடுத்த வாரம் என்ற பதிலே கிடைத்தது. வரவும் செலவும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நுண்ணோக்கியில் விழுந்த பற்றாக்குறையைத் தற்போதைக்கு நான் ஏற்றிருக்கிறேன். ரசீதுகள் பொருளாளரிடம் உள்ளன.

தலைவர், பொருளாளர், குழுவினர், இடம் தந்து உதவியவர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்வேன். கணு எண்ணக் கற்றுத்தர ஞாயிறுதோறும் வருவேன். பதினைந்து பாட்டில்களைக் கழுவிக் காயவைத்து, துணியும் நூலும் பென்சிலும் சீட்டும் சேர்த்து அலமாரியில் வைத்திருக்கிறேன். சாவி, சந்தாப் பதிவேடு இருக்கும் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

செயலாளர்
குலசேகரம்