சோழவரம் ஓடுதளம் யார் கையில் இருக்க வேண்டும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இருக்கிற பழைய விமான ஓடுதளத்தில் மறுபடி ரேஸ் வந்தால் அதை யார் நடத்துவது என்று எங்கள் பக்கத்தில் கொஞ்ச நாளாகவே வாக்குவாதம். ஆரம்பாக்கம் டீக்கடையில் ஆரம்பிக்கிற பேச்சு ஆந்திர எல்லை தாண்டி தடா ஸ்டேஷன் வரைக்கும் வந்துவிடுகிறது. அரசாங்கமே எடுத்து நடத்தட்டும் என்கிறார்கள் சிலர், ஏதாவது ஒரு பெரிய கம்பெனிக்குக் குத்தகை விட்டால்தான் உருப்படும் என்கிறார்கள் சிலர், ஊராட்சியிடம் கொடுத்தால் என்ன என்பவர்களும் உண்டு. எனக்கு மூன்றுமே சரியாகப் படவில்லை.

முதலில் நான் அங்கே பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பாவுக்கு எளாவூர் செக்போஸ்ட் ஓரத்தில் லாரிப் பட்டறை. ரேஸ் நடக்கிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டறைக்குப் பூட்டு. தெற்கே போகிற ஏதாவது ஒரு லாரியில் ஏறிக்கொள்வோம், சூலூர்பேட்டையிலிருந்து வருகிற டிரைவர்களும் கூடவே, வண்டிக்குள் தெலுங்கும் தமிழும் கலந்து ஒரே இரைச்சலாக இருக்கும். காரனோடைப் பாலம் தாண்டும்போதே சத்தம் காதில் விழுந்துவிடும். உள்ளே போனால் ஆமணக்கு எண்ணெய் கருகுகிற வாசம், அந்தக் காலத்து ரேஸ் வண்டிகளுக்கு ஆமணக்கு கலந்த ஆயில்தான் ஊற்றுவார்கள், அந்த வாசம் சட்டையில் இரண்டு நாள் இருக்கும். வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரு மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துணியில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா என்னைக் குனியச் சொல்லிக் காட்டினார்: "கறுப்பா இருந்தா பெட்ரோல் ஜாஸ்தி, வெளுத்திருந்தா காத்து ஜாஸ்தி, காப்பித்தூள் நிறம் வரணும்டா." பின்னாளில் நானும் பட்டறைக்காரன் ஆனதற்கு அந்த பிளக்தான் காரணம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் என் மனதில் ஆழமாக நின்றது வேறொன்று. ஒரு வளைவில் மோட்டார் சைக்கிள் சறுக்கி ஓட்டியவர் உருண்டு போனார். ஜனங்கள் எல்லாம் 'ஐயோ' என்று எழுந்துவிட்டோம். ஓரத்தில் நின்ற மார்ஷல், அதாவது டிராக் ஓரத்தில் பாதுகாப்பைப் பார்க்கிற ஆள், உடனே பாயவில்லை. முன்னால் இருந்த ஆள் ஆபத்து என்று எச்சரிக்கிற மஞ்சள் கொடியை ஆட்டுகிறாரா என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்து, அப்புறம்தான் ஓடினார், அதுவும் பின்னால் வருகிற வண்டிகள் மேலேயே கண்ணை வைத்துக்கொண்டு. ஓட்டியவரை இழுத்து வைக்கோல் கட்டுக்குப் பின்னால் போட்டபிறகுதான் வண்டியைத் தொட்டார். ஒரு ரேஸ் திடலை நடத்துவது என்றால் எனக்கு அந்த மனிதர்தான் நினைவுக்கு வருவார். அவரைப் போல நாற்பது ஐம்பது பேரைப் பழக்கி வைத்திருப்பது யாரோ, அவர்கள்தான் திடலை நடத்த வேண்டும்.

அந்த ஓடுதளம் இரண்டாம் உலகப் போரின்போது விமானத்துக்காகப் போட்டது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதில் பல வருஷம் ரேஸ் நடத்தியது. இடம் ராணுவத்தினுடையது, அதனால் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்க வேண்டும், தற்காலிகமாக எல்லாம் கட்டி, முடிந்ததும் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும். கடைசியில் கிளப்காரர்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த நிலம் வாங்கி 3.7 கிலோமீட்டர் டிராக் போட்டார்கள், 1990-ல் அங்கே போய்விட்டார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த டிராக் ஓடிக்கொண்டிருக்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் என்ற உலகக் கார் பந்தயத்துக்குப் போன முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயன் தன் முதல் போட்டியை ஓட்டியது அங்கேதான், ஃபார்முலா மாருதி காரில். மாருதி 800 எஞ்சினை வைத்து அந்தக் காரை உருவாக்கிய கோயம்புத்தூர் கரிவரதன், சோழவரத்தில் ரேஸ் ஓட்டியவர். இந்தத் தொடர்ச்சியைப் பணம் கொடுத்து வாங்க முடியாது. பழகிய ஆட்கள் அடுத்த ஆட்களைப் பழக்கினால்தான் வரும்.

கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்பவர்கள் டெல்லி பக்கத்து கிரேட்டர் நொய்டாவைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு மேல் நீளமான, உலகமே பாராட்டிய டிராக். 2011, 2012, 2013, மூன்றே வருஷம் ஃபார்முலா ஒன் நடந்தது, அதோடு சரி. வரித் தகராறு ஒரு பக்கம், கட்டிய ஜேபி குழுமம் கடனில் மூழ்கியது இன்னொரு பக்கம், பாக்கி வரவில்லை என்று நிலம் கொடுத்த ஆணையம் 2020-ல் ஒதுக்கீட்டையே ரத்து செய்தது. அப்புறம் 2023-ல் மோட்டோ ஜிபி என்ற உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் ஒருமுறை வந்து போனது. டிராக்கில் ஒரு குறையும் இல்லை, அதை வைத்திருந்தவர்களின் வீடு மனை வியாபாரம் படுத்தது, கூடவே டிராக்கும் படுத்தது.

சரி, அரசாங்கம்? சென்னையில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டருக்கு மாநில அரசும் சேர்ந்து நடத்திய இரவு ரேஸை நானும் ஆசையாகத்தான் பார்த்தேன். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய் 2024 ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும் நடந்தது. நகரத்துக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு செலவு, யார் தருவது என்று கோர்ட்டுக்குப் போனது, முதல் நாள் மழையில் வேலை தாமதமாகி, எஃப்.ஐ.ஏ. என்ற சர்வதேச சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று வரும்வரை எல்லோரும் காத்திருந்தோம். எத்தனை கோடி செலவழித்தாலும், வண்டி ஓடலாம் என்று கடைசியில் கையெழுத்துப் போட வேண்டியது விவரம் தெரிந்தவர்தான் என்பதை அன்று எல்லோரும் பார்த்தார்கள். அதோடு அமைச்சரும் அதிகாரியும் மாறுவார்கள். மாறினால் ரேஸ் காலண்டரும் மாறுமா?

ஊராட்சியால் இது முடியாது. குடிதண்ணீருக்கும் தெருவிளக்குக்குமே அவர்களுக்கு நேரம் போதவில்லை. ஆனால் அவர்களை வெளியே நிறுத்தவும் கூடாது, அதற்குக் கீழே வருகிறேன்.

நான் சொல்வது இதுதான். நிலம் இப்போதுபோல பாதுகாப்புத் துறையிடமே இருக்கட்டும், ஒரு சென்ட் கூட விற்கக் கூடாது, அடகும் வைக்கக் கூடாது. ரேஸ் நடத்துவதை மட்டும் ரேஸ் தெரிந்த ஒரு கிளப்புக்கு நீண்ட குத்தகைக்கு விடுங்கள். வருஷா வருஷம் அனுமதிக்காக மேசை மேசையாக அலைய வேண்டிய நிலை இருந்தால் யாரும் நிரந்தரமாக ஒரு தடுப்புச்சுவர்கூடக் கட்ட மாட்டார்கள். கிளப் என்றால் தப்பே நடக்காது என்று நான் சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் 2023-ல் மட்டும் இரண்டு பேர் ரேஸில் உயிரிழந்தார்கள், அதில் ஒருவன் 13 வயதுச் சிறுவன். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் பாதுகாப்பைப் பார்வையிடுவது கிளப்புக்கு வெளியே இருக்கிற ஆட்களாக இருக்க வேண்டும், அவர்கள் வேண்டாம் என்றால் அன்றைக்கு வண்டி கிளம்பக் கூடாது. சோழவரம், காரனோடை ஊராட்சிகளுக்கு நிர்வாகக் குழுவில் இடம், சத்தத்துக்கு நேரக் கட்டுப்பாடு, ஜனங்கள் வாங்கக்கூடிய விலையில் ஒரு பகுதி டிக்கெட், இதெல்லாம் குத்தகைத் தாளிலேயே எழுதப்பட வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம்.

இது ஏதோ பழைய நினைப்பில் கேட்பது என்று நினைக்காதீர்கள். எங்களைச் சுற்றிப் பாருங்கள். தடா பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் இசுசு கார் செய்கிறார்கள், பக்கத்தில் அப்போலோ டயர் ஆலை, அதைத் தாண்டினால் ஹீரோ பைக் ஆலை. வண்டியும் டயரும் எங்கள் கொல்லைப்புறத்திலேயே தயாராகிறது, அதில் வேலை பார்க்கிற பையன்களுக்கு வேகமாக ஓட்டிப் பார்க்க இருப்பது ஜி.என்.டி. ரோடு என்கிற நெடுஞ்சாலை மட்டும்தான். என் அக்கா மகன் போன வருஷம் தச்சூர் கூட்டுரோடு பக்கம் ராத்திரி இரண்டு மணிக்கு நண்பர்களோடு பந்தயம் கட்டி ஓட்டினான். முன்னால் போன டிரெய்லரில் பின்விளக்கு எரியவில்லை. கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவன் என்னைக் கேட்டது, "மாமா, தாத்தா உங்களைக் கூட்டிட்டுப் போன இடத்துல இப்ப ஓட்ட முடியாதா?" என்னிடம் பதில் இல்லை.

அதனால் இன்னும் ஒரு வரி அந்தக் குத்தகையில் வேண்டும் ஐயா: எல்லைக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பார்க்காமல் இந்தச் சுற்றுவட்டார இளைஞர்களுக்கு வருஷம் ஒருமுறை மார்ஷல் பயிற்சி தர வேண்டும். ஆள் கேட்டால் முதல் பெயராக என் அக்கா மகன் பெயரைத் தருகிறேன். இன்னும் கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறான், வளைவில் ஓட முடியாது. "நேரம் குறிக்கிற மேசையில் உட்காருகிறேன், எனக்குக் கண் நன்றாகத்தானே இருக்கிறது" என்கிறான்.

இப்படிக்கு,
லாரிப் பட்டறைக்காரர் ஒருவர்,
தடா